பறவைக்குப் பட்டா வாங்கிய விவசாயிகள்

(வானொலி உரை)



ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஏரி நிரம்பியதும் நம்ம பக்கத்தில் ஒரு காட்சி பார்க்கலாம். மூங்கில்துறைப்பட்டு சுற்று வட்டாரமானாலும் சரி, சங்கராபுரம், தியாகதுருகம் பக்கமானாலும் சரி, ஏரித் தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கும் நாரையும் வந்து உட்காரும். சின்னப் பசங்க உண்டிவில்லை எடுத்துக்கொண்டு ஓடுவாங்க. பெரியவங்களில் சில பேர், "மீனெல்லாம் இதுங்களே தின்னுட்டுப் போவுதே" என்று முணுமுணுப்பாங்க. இன்னும் சில பேர் ராத்திரியில் வலை விரித்துப் பிடித்து, விடிந்ததும் ரோட்டோரத்தில் விற்றும் விடுகிறார்கள்.

இந்தப் பறவை நமக்கு விருந்தாளியா, திருடனா? இந்தக் கேள்வி இன்றைக்கு வந்ததல்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே, நம்மைப் போன்ற ஏரிப்பாசன விவசாயிகள் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்து, அதைச் சர்க்கார் காகிதத்தில் எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். அந்த ஊர்தான் வேடந்தாங்கல். இன்று அந்த ஊரின் சரித்திரத்தைத்தான் உங்களோடு பேசப் போகிறேன். சுற்றுலாப் போகிறவர்கள் சொல்லும் கதையாக இல்லாமல், ஏரி மடையில் தண்ணீருக்குக் காத்து நிற்கிறவர்களின் கதையாகவே சொல்கிறேன்.

வழியில் ஒரு பெரிய ஏரி

மூங்கில்துறைப்பட்டிலிருந்து திருவண்ணாமலை போய், செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை நெடுஞ்சாலையைப் பிடித்தால், மேல்மருவத்தூர் தாண்டியதும் மதுராந்தகம் வரும். ரோட்டை ஒட்டியே கடல் மாதிரி ஏரி. அதையும் தாண்டிப் படாளம் கூட்டு ரோட்டில் மேற்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் வேடந்தாங்கல். இன்று அது செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் தாலுகாவில் இருக்கிறது.

மதுராந்தகம் ஏரியைச் சும்மா வழியில் வருகிறதே என்று சொல்லவில்லை. நம்ம கதையில் வருகிற ஒரு முக்கியமான ஆள் அந்த ஏரியோடும் சம்பந்தப்பட்டவர். அவர் பெயர் லயனல் பிளேஸ். வெள்ளைக்காரர். 1794 முதல் 1798 வரை அந்தச் சீமையின் கலெக்டர். அப்போது அதற்குக் கம்பெனி ஜாகீர் என்று பெயர். ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த நிலம் அது. ஜாகீர் என்ற சொல் நமக்கொன்றும் புதுசில்லை. நம்ம கல்வராயன் மலையே 1976 வரையில் ஜாகீர்தார்கள் வசம்தானே இருந்தது!

1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது அந்தச் சீமை பாழாகிப் போயிற்று. குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். ஏரிகளைக் கவனிக்க ஆளில்லை. கரை உடைந்தது, மதகு தூர்ந்தது. பயிர் இல்லையென்றால் வரி ஏது? அதனால் பிளேஸ் துரை ஏரிகளைச் செப்பனிடுவதில் மும்முரமாக இறங்கினார். தர்மத்துக்காகச் செய்தார் என்று சொல்லிவிட முடியாது. கஜானா நிறைய வேண்டுமானால் முதலில் ஏரி நிறைய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மதுராந்தகம் போனவர்கள் ஏரி காத்த ராமர் கோவிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மழைக்காலத்து ராத்திரி ஏரி உடைந்துவிடுமோ என்று கலெக்டர் துரை கரைமேல் ஏறிப் பார்த்தாராம். அங்கே வில்லும் கையுமாக இரண்டு வாலிபர்கள் கரையைக் காவல் காத்து நின்றார்களாம். கரை உடையவில்லை. துரை தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார் என்று ஊரார் சொல்வார்கள். அந்தத் துரைதான் இந்த லயனல் பிளேஸ். ராமர் வந்ததும் வராததும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தச் சீமையில் ஏரிக்கரை உடைவது எவ்வளவு பெரிய பயமாக இருந்தது என்பதை இந்தக் கதை நமக்குச் சொல்கிறது.

வேடன் பெயர் கொண்ட ஊர்

தாங்கல் என்றால் சின்ன ஏரி என்பது உங்களுக்குத் தெரியும். வேடன் தாங்கல் என்பதுதான் வேடந்தாங்கல் ஆயிற்று. அந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் வேட்டைக்குப் பெயர் போன இடம். பண்ணையார்களும் வசதி படைத்தவர்களும் பறவை சுட வருவது வழக்கமாம். வேடன் பெயரை வைத்துக்கொண்டிருக்கிற அந்த ஊரே பிற்பாடு வேட்டையைத் தடுத்த ஊராக மாறியது.

ஏரி ஒன்றும் பெரிசில்லை. 30 ஹெக்டேர், அதாவது சுமார் 74 ஏக்கர். நம்ம பக்கத்தில் இதைவிடப் பெரிய ஏரிகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஏரிக்குள்ளே நீர்க்கடம்பு மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் அழுகாத மரம் அது. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனை, நரி, கீரி எதுவும் மரத்தை நெருங்க முடியாது. அதனால் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. எத்தனையோ தலைமுறையாக இது நடந்து வருகிறது.

1790-களில் கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்கள் அங்கே வந்து நாரைகளைச் சுட்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கிற பட்டாளத்துக்காரனை எதிர்த்து எந்தக் கிராமத்தான் பேசுவான்? ஆனால் வேடந்தாங்கல் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டமாகக் கிளம்பிக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். எங்கள் ஏரியில் கூடு கட்டுகிற பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு கேட்டார்கள். உத்தரவும் வாங்கினார்கள். 1798-ம் வருஷ வாக்கில் பிளேஸ் துரை கொடுத்த அந்த உத்தரவுக்குக் கவுல் என்று பெயர். சர்க்கார் குடிகளுக்கு எழுதிக் கொடுக்கும் உடன்படிக்கைக்கு அந்தக் காலத்தில் அப்படிச் சொல்வார்கள். ஏரிப் பறவைகளைக் காப்பது அந்த ஊர்க்காரர்களின் உரிமை என்று அந்தக் கவுல் ஒப்புக்கொண்டது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அப்போது இந்த நாட்டில் வனவிலங்குச் சட்டம் கிடையாது. சரணாலயம் என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற இடத்தை 1872-ல் தேசியப் பூங்காவாக அறிவித்ததை உலகமே பெரிசாகப் பேசுகிறது. அதற்கு எழுபது வருஷத்துக்கும் மேலாக முன்னால், செங்கல்பட்டுச் சீமையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் கொக்குக்கும் நாரைக்கும் பட்டா வாங்கி வைத்துவிட்டார்கள்!

ஏன் வாங்கினார்கள்?

பறவை மேல் பாசமா? அதுவும் இருந்திருக்கும். தன் ஊரை நம்பி வந்து கூடு கட்டினதைக் கொல்லக் கூடாது என்ற தர்மம் நம்ம ஜனங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வயலில் இருந்தது.

பறவை என்ன செய்கிறது? காலையில் கிளம்பிப் பல மைல் தூரம் பறந்து போய், அக்கம்பக்கத்து ஏரி, குளம், நெல் வயல், உப்பங்கழி எல்லாவற்றிலும் மீன், நத்தை, தவளை, நண்டு, பூச்சி என்று தின்கிறது. சாயங்காலம் வேடந்தாங்கல் ஏரிக்குத் திரும்புகிறது. கூட்டில் குஞ்சு இருந்தால் நாள் முழுக்கப் போக்குவரத்துதான். எச்சம் எல்லாம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. நல்ல மழை பெய்த வருஷத்தில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் பறவைகள் அங்கே தங்குவதாகக் கணக்கு. நாலைந்து மாதம் அத்தனை பறவையும் எச்சம் போட்டால் அந்தத் தண்ணீர் என்னவாகும்?

பறவை எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அது யூரிக் அமிலம். அதில் தழைச்சத்து நிறைய இருக்கிறது. தண்ணீரிலும் சேற்றிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துப் பயிர் எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிடுகின்றன. மீன் முள்ளும் நத்தை ஓடும் தின்கிற பறவையாதலால் மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சேர்கின்றன. மடையைத் திறந்தால் எருவும் தண்ணீரும் ஒன்றாகவே வயலுக்குப் பாயும்.

யூரியா மூட்டை என்று ஒன்று கண்ணில் படாத காலம் அது. ஆட்டுக்கிடை போடணும், தொழுவுரம் அடிக்கணும், கொழிஞ்சி விதைத்து மடக்கி உழணும். அப்படிப்பட்ட காலத்தில் பத்து ஊர்த் தண்ணீரில் விளைந்த மீனை எருவாக்கிக் கொண்டு வந்து தன் ஏரியில் இலவசமாகக் கொட்டுகிற பறவையை யாராவது சுட விடுவானா? வேடந்தாங்கல் விவசாயி கலெக்டர் கச்சேரிக்குப் போனது தன் நெல்லைக் காப்பாற்றத்தான்.

எருவுக்காக நடந்த யுத்தம்

பறவை எருவின் அருமையை வேறு தேசத்து ஜனங்களும் அறிந்திருந்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு என்ற நாடு இருக்கிறது. அதன் கடலோரத் தீவுகளில் மழையே கிடையாது. அதனால் கடல் பறவைகளின் எச்சம் கரையாமல் நூற்றுக்கணக்கான வருஷமாகக் குவிந்து குன்று மாதிரி நின்றது. அந்த நாட்டை ஆண்ட இன்கா மன்னர்கள், முட்டையிடும் காலத்தில் அந்தத் தீவுப் பறவைகளைக் கொன்றால் மரண தண்டனை என்று சட்டம் வைத்திருந்ததாகப் பழைய சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார்.

பிற்பாடு 1840-களிலிருந்து ஐரோப்பாக்காரர்கள் கப்பல் கப்பலாக அந்த எருவை வெட்டிக்கொண்டு போனார்கள். குவானோ என்று அதற்குப் பெயர். எரு வெட்டச் சீனத்திலிருந்து கூலிகளைக் கொண்டு வந்து வதைத்தார்கள். 1864-ல் ஸ்பெயின் நாட்டுக் கப்பற்படை சிஞ்சா என்ற எருத் தீவுகளைப் பிடித்துக்கொண்டது, அதனால் யுத்தமே மூண்டது. 1870-களுக்குள் அந்தத் தீவுகளின் எருக் குன்றுகள் ஏறக்குறையக் காலி. பறவைகளும் அலைக்கழிந்து போயின. 1909-ல் பெரு அரசாங்கமே ஒரு நிர்வாகம் அமைத்து, பறவைகளைக் காவல் காத்து, விட்டு விட்டு எரு எடுக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

அங்கே எருவை மட்டும் பார்த்தார்கள், பறவையை மறந்தார்கள். கறவை மாட்டுக்குத் தீனி போடாமல் பாலை மட்டும் கறக்கிற மாதிரி. வேடந்தாங்கல்காரர்கள் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

காகிதத்தைப் புதுப்பித்தார்கள்

கவுல் வாங்கியதோடு கதை முடியவில்லை. பிளேஸ் துரை போய் அறுபது வருஷம் ஆயிற்று. கலெக்டர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். கம்பெனி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வந்த வருஷம் 1858. அந்த வருஷத்தில் வேடந்தாங்கல் ஜனங்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடமிருந்து தங்கள் பறவைக் காவல் உரிமையை மறுபடியும் உறுதி செய்து வாங்கினார்கள்.

எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பெரிசாகப் படுவது இதுதான். முதலில் கவுல் வாங்கினவர்கள் அப்போது உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலம். ஆட்சி மாறுகிறது. பழைய காகிதத்தைப் புதுச் சர்க்கார் மதிக்குமோ மதிக்காதோ. நிலப் பட்டாவை எப்படிப் பேர் மாற்றி வைத்துக்கொள்வோமோ, அப்படியே பறவை உரிமையையும் புதுப்பித்துக்கொண்டார்கள். அவ்வளவு கவனம்!

அதற்குப் பிறகு சர்க்கார் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. 1936-ல் கலெக்டர் இதைப் பறவைச் சரணாலயமாக அங்கீகரித்தார். 1962-ல் சென்னை வனச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கிடைத்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் சரணாலய எல்லை என்று அறிவித்தார்கள். 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்திலிருக்கிற கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ராம்சார் என்பது ஈரான் தேசத்து ஊர். 1971-ல் அங்கே பல நாட்டார் கூடி, உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளைக் காப்பது என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஆக, நாலு கிராமத்து ஜனங்கள் கலெக்டரிடம் கேட்டு வாங்கிய ஏரி இன்று உலகப் பட்டியலில் இருக்கிறது.

இதற்கு நடுவே 2020-ல் அந்த 5 கிலோமீட்டர் வட்டத்தைச் சுருக்கலாமா என்று ஒரு யோசனை கிளம்பி, அதற்குப் பலத்த எதிர்ப்பும் எழுந்தது. காகிதம் இருந்தாலும் காவல் இருக்கவேண்டும் என்பதை அது மறுபடியும் ஞாபகப்படுத்தியது.

போனால் என்ன பார்க்கலாம்?

நீங்கள் போவதானால் கார்த்திகைக்கு மேல், மாசிக்குள் போங்கள். அறுவடைக்கும் ஆலை வெட்டுக்கும் நடுவே ஒரு நாள் ஒழித்துக்கொண்டால் போதும். மழை பொய்த்த வருஷமானால் விசாரித்துவிட்டுப் போங்கள். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் பறவை கூடு கட்டாது.

ஏரிக்கரைமேல் நடைபாதை இருக்கிறது. மரநிழலில் மெதுவாக நடக்கலாம். ஏறிப் பார்க்கக் கோபுரமும் இருக்கிறது. விடியற்காலையிலும் சாயங்காலம் நாலு மணிக்கு மேலும் போனால்தான் காட்சி. சாயங்காலத்தில் நாலா பக்கமிருந்தும் பறவைகள் திரும்பி வந்து இறங்குவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. மங்கலான நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, பேச்சைக் குறைத்து, ரேடியோவையும் செல்போனையும் அமர்த்திவிட்டு நடக்கவேண்டும். கல் எறிந்து பறக்கவிட்டுப் பார்ப்பது மகா பாவம். தாய்ப்பறவை எழுந்து போனால் வெயிலில் முட்டை கெட்டுவிடும், இல்லாவிட்டால் காக்கை தூக்கிவிடும்.

முதலில் கண்ணில் படுவது நத்தைகுத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதற்கு ஏற்ற அலகு. நெல் வயலில் நத்தைத் தொல்லை பட்டவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட கூட்டாளி என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது கரண்டிவாயன். அலகு நுனி அகப்பை மாதிரி தட்டையாக இருக்கும். தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவித் தின்னும். வெள்ளை அரிவாள் மூக்கன் இருக்கும். பெயரே சொல்கிறது, அலகு கதிர் அரிவாள் மாதிரி. நீர்க்காகம் முங்கி மீன் பிடித்துவிட்டு, ஈர வேட்டியை உலர்த்துகிற மாதிரி இறக்கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், பார்த்தால் பாம்பு என்றே நினைப்பீர்கள். கூழைக்கடா, சாம்பல் நாரை, வக்கா, உண்ணிக்கொக்கு எல்லாம் உண்டு.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டும். வேடந்தாங்கல் பறவை எல்லாமே வெளிநாட்டுப் பறவை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை பெரும்பாலும் நம்ம நாட்டுப் பறவைகளே. தண்ணீரைத் தேடி ஊர் ஊராகப் போகிறவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து மாதிரி சில வாத்துகளும் உள்ளான்களும் வாலாட்டிகளும் மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்துப் பனிக்குப் பயந்து இங்கே குளிர்காலம் கழிக்க வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை, பங்குனி வாக்கில் திரும்பிப் போய்விடும்.

நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற அதே நத்தைகுத்தி நாரை வகைதான் நம்ம வயலிலும் இறங்குகிறது. அங்கே போய்ப் பணம் கொடுத்து வேடிக்கை பார்த்துவிட்டு, இங்கே வந்ததும் அதன்மேல் வலை போடுவது என்ன நியாயம்?

மீன் குத்தகைக்காரரின் வழக்கு

"அதெல்லாம் சரிங்க, ஏரி மீனை ஏலம் எடுத்தவன் கதி?" என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான கேள்விதான். கூழைக்கடாவும் நீர்க்காகமும் மீன் தின்கிற பறவைகள். அதை மறைத்துப் பேச முடியாது. பெருமீன் வளர்க்கிற சின்னக் குட்டையில் அவை இறங்கினால் நஷ்டம்தான். அங்கே மேலே கயிறு கட்டியோ, ஆள் வைத்து விரட்டியோ காத்துக்கொள்ளலாம். கொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பொது ஏரி வேறு. பறவை தங்குகிற ஏரியிலேயே அது முழுசும் தின்பதில்லை. சுற்றுப்புறமெல்லாம் மேய்ந்து வருகிறது. எச்சத்தால் தண்ணீரில் பாசியும் நுண்ணுயிரும் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மீன் குஞ்சு வளர்கிறது. பொதுவான கணக்குப் போட்டால் கூடு இருக்கிற ஊருக்கு வரவுதான் மிச்சம்.

மயில் தொல்லை, கிளித் தொல்லை என்று சொல்வீர்கள். அது உண்மையான கஷ்டம். அதை நான் இதோடு சேர்த்துக் குழப்பவில்லை. ஏரிப் பறவையான கொக்கும் நாரையும் நெல் மணியைத் தொடுவதில்லை. ஏர் பின்னாலும் டிராக்டர் பின்னாலும் ஓடி வருகிற உண்ணிக்கொக்கு மண்ணிலிருந்து வெளிப்படுகிற புழுவையும் வெட்டுக்கிளியையும்தான் பொறுக்குகிறது. அது செய்கிற வேலைக்குக் கூலி கொடுப்பதாக இருந்தால் நமக்குக் கட்டுப்படியாகாது.

தீபாவளி வெடி வெடிக்காத ஊர்கள்

வேடந்தாங்கல் ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி என்று கண்மாய்கள் இருக்கின்றன. 1977-ல் அவை சரணாலயமாயின. அந்த ஊர் ஜனங்கள் பல வருஷமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஏன் என்றால், தீபாவளி வருகிற நேரம்தான் பறவை கூடு கட்டுகிற நேரம். சத்தத்துக்குப் பயந்து கூட்டை விட்டுப் போய்விடக்கூடாதே என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பட்டாசு கேட்டு அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தாய்மார்களுக்குத் தெரியும். அதைத் தலைமுறையாகச் செய்து வருகிறார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலும் இதே மாதிரிதான். 1994-ல் சரணாலயம் ஆனது. அங்கே வீட்டுத் தோட்டத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்துப் பாதுகாத்து விடுவார்கள். கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். எச்சம் கலந்த வண்டல், நல்ல எரு.

நமக்குக் கிட்டத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் பக்கமுள்ள கழுவெளி 2021-ல் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. வேடந்தாங்கல் தூரம் என்றால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

நம்ம ஏரிக்கு என்ன செய்யலாம்?

நம்ம பக்கத்தைப் பாருங்கள். மேற்கே கல்வராயன் மலை. அதன் ஓடைகள்தான் கோமுகி, மணிமுத்தா ஆறுகளுக்குத் தண்ணீர் தருகின்றன. வடக்கே தென்பெண்ணை, 1958-ல் முடிந்த சாத்தனூர் அணை. நடுவில் நூற்றுக்கணக்கில் ஏரிகள். மலை, ஆறு, ஏரி, நெல் வயல், கரும்புத் தோட்டம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கிற பூமி பறவைக்கு எவ்வளவு தோதான இடம்! சரணாலயம் என்று பலகை மாட்டினால்தான் பறவை வரும் என்பதில்லை. மரமும் தண்ணீரும் அமைதியும் இருந்தால் தானாக வரும்.

அதற்கு நாலு காரியம் செய்யலாம்.

முதலாவது, ஏரிக்குள் இருக்கிற மரம். நாட்டுக் கருவேலம் வேறு, சீமைக் கருவேலம் வேறு. சீமைக் கருவேலம் ஏரியை அடைத்துக்கொள்கிறது என்று அகற்றும்போது, அதோடு சேர்த்து நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் மொட்டையடித்து விடாதீர்கள். மரத்தை ஏலம் விடுவதானாலும் கூடு இருக்கிற மாதங்களில் வெட்டக்கூடாது. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் ஒரு பகுதியை விட்டு வையுங்கள்.

இரண்டாவது, தூர் வாருவது. வாரத்தான் வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கி, பறவை போன பிறகு கோடையில் வாருங்கள். வண்டலை வயலுக்கு அடியுங்கள். ஏரிக்குள் அங்கங்கே மண்மேடு விட்டு, அதில் மரம் வைத்தால் பத்து வருஷத்தில் பறவைக்கு வீடு தயார்.

மூன்றாவது, விஷம். பயிருக்குத் தெளித்த மருந்து டப்பாவை வாய்க்காலில் கழுவாதீர்கள். அந்த விஷம் மீனுக்குப் போய், மீனைத் தின்ற பறவைக்கும் போகும், மீனைத் தின்ற நமக்கும் வரும். உளுந்து, பயறு வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வைத்தால் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து புழு பொறுக்கும், மருந்துச் செலவும் குறையும்.

நான்காவதுதான் முக்கியம். நம்ம ஊருக்கும் ஒரு கவுல் எழுதுவது. அதற்குக் கலெக்டர் துரையைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. "எங்கள் ஏரியில் பறவை பிடிக்கக் கூடாது, சுடக்கூடாது, கூடு இருக்கும் காலத்தில் மரம் வெட்டக்கூடாது" என்று ஒரு தீர்மானம் போடுங்கள். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி கொக்கையும் நாரையையும் பிடித்து விற்பது குற்றம். 2002-ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதலாம். நம்ம ஏரிக்கு எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். நாளைக்கு யாராவது வந்து "இங்கே ஏது பறவை?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு காகிதம் வேண்டும் அல்லவா?

வேடந்தாங்கல்காரர்கள் படித்தவர்கள் அல்ல, பணக்காரர்களும் அல்ல. தங்கள் ஏரியில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்தார்கள், அதனால் வயலுக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டார்கள், துப்பாக்கிக்காரன் வந்தபோது கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் காலத்திலும் விடாமல் கேட்டார்கள். இன்றும் அந்த ஏரியில் பறவை இறங்குகிறது.

வரும் கார்த்திகையில் நம்ம ஏரிக் கருவேல மரத்தில் வெள்ளையாக ஏதாவது வந்து உட்கார்ந்தால், பிள்ளையின் கையிலிருக்கிற உண்டிவில்லை வாங்கி வைத்துவிட்டு, கரைமேல் அழைத்துப் போய் அந்தப் பறவையின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தீர்மானத்தையும் மறக்காதீர்கள்.